‘பழைய அழகு’ என்ற இடத்தில்தான் பிழை

கேள்வி: திருகோணமலை மத்திய வீதிக்கு அருகில் சிறிய துணிக்கடை வைத்திருக்கிறேன். பால் கொடுக்கும் தாய்மாருக்கு வசதியாக முன்பக்கம் திறக்கும் சட்டைகளைத் தைத்து விற்கிறேன். சென்ற மாதம் பேஸ்புக்கில், ‘பிள்ளை பெற்றால் நைட்டிக்குள் சுருண்டுவிட வேண்டுமா? பழைய அழகைத் திரும்பப் பெறுங்கள்!’ என்று விளம்பரம் போட்டேன். பலர் கோபமாக எழுதிவிட்டார்கள். என் பழைய வாடிக்கையாளர்களும் அவர்களில் உண்டு. நானும் இரண்டு பிள்ளைகளின் தாய்தான். விளம்பரத்தை அழித்துவிடவா, மன்னிப்புக் கேட்கவா? அடுத்ததாக, சூப்பிப் போத்தல் ஒன்று வைத்த அன்பளிப்புப் பை கொடுக்கவும், கடைக்கு வரும் கர்ப்பிணிகளிடம் தொலைபேசி இலக்கத்தையும் பிரசவத் திகதியையும் வாங்கி வைத்து, அந்த நாளில் வட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பவும் நினைத்திருக்கிறேன். சரிவருமா?

பதில்: முதலில், உங்கள் சட்டையில் ஒரு குறையும் இல்லை. பால் கொடுக்கும் நேரத்தில் பின்பக்க ஊக்கோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். நீங்கள் விற்க வந்தது அந்த வசதியை. எழுதியதோ பிள்ளை பெற்றவளின் உடம்பைப் பற்றிய தீர்ப்பு.

நைட்டியை அவள் சோம்பலில் உடுத்தவில்லை. சத்திரசிகிச்சை செய்து பிள்ளை எடுத்தவளுக்கு வயிற்றில் எதுவும் இறுகக் கூடாது. துடக்குக் கழியும் 31ஆம் நாள் வரை, முஸ்லிம் வீடுகளில் நாற்பது நாள் வரை, அவள் அதிகம் வெளியே போவதும் இல்லை. மூதூரிலும் நிலாவெளியிலும் ஓகஸ்ட் மாத வெயிலில் கூரைத் தகடு கொதிக்கும்போது, நைட்டி அவளுடைய வேலை உடுப்பு. அதைப் பார்த்துச் ‘சுருண்டுவிட்டாய்’ என்றால் அவள் கேட்பது வேறு: ‘நீ சரியில்லை.’ பிள்ளை பார்க்க வரும் சொந்தக்காரர் வாயிலாக ஏற்கெனவே போதுமானதைக் கேட்டுவிட்டாள். அதையே காசு கொடுத்து விளம்பரமாகவும் போட்டால் கோபம் வராதா?

இந்தப் பிழையைப் பெரிய நிறுவனங்களும் செய்திருக்கின்றன. 2008 நவம்பரில் அமெரிக்காவில் மோட்ரின் என்ற வலிநிவாரணிக்கு இணையத்தில் ஒரு விளம்பரம் வந்தது. ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழுமத்தின் மருந்து அது. பிள்ளையைத் துணியில் கட்டி உடம்போடு தூக்கித் திரிவது இப்போது நாகரிகமாம், அதனால் முதுகும் கழுத்தும் வலிக்கிறதாம், ஆனாலும் அசல் அம்மாவைப் போலத் தோற்றம் தருகிறதாம் என்று ஒரு தாயின் குரலில் கிண்டலாகப் பேசியது. தாய்மார் ஒரு வார இறுதி முழுவதும் டுவிட்டரில் கொதித்தார்கள். நிறுவனம் அதை நீக்கி மன்னிப்புக் கேட்டது. சஞ்சிகைகளில் ஏற்கெனவே அச்சாகிவிட்டதை மட்டும் உடனே நிறுத்த முடியவில்லை.

கவனியுங்கள்: வலி பொய்யில்லை. பிள்ளை தூக்கியவளுக்கு முதுகு வலிக்கும், மருந்தும் வலிக்கானதுதான். ஆனால் விளம்பரம் சிரித்தது வலியைப் பார்த்து அல்ல, பிள்ளையைத் தூக்குவதைப் பார்த்து. அவள் யோசித்து, விரும்பி, சிலவேளை வீட்டாரோடு வாதாடி எடுத்த முடிவு அது. களைப்பைப் பேசினால் காது கொடுப்பாள். அவள் முடிவைக் கேலி செய்தால் கதவைச் சாத்துவாள். உங்கள் விளம்பரமும் அவளுடைய அவதியை விட்டுவிட்டு அவளையே குறிவைத்தது.

‘நானும் தாய்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது உதவாது; சில சமயம் கெடுக்கவும் செய்யும். இரண்டு பிள்ளைகளும் வளர்ந்த பிறகு, அந்த முதல் மாதத்தைச் சிரித்துக்கொண்டு நினைக்க நமக்கு முடிகிறது. அவள் இன்னும் அதற்குள் இருக்கிறாள்.

நானும் இதில் அடி வாங்கியவன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தைச் சவர்க்காரத்துக்குத் துண்டுப்பிரசுரம் எழுதிக் கொடுத்தேன். ‘உங்கள் குழந்தையின் தோல் பாதுகாப்பாக இருக்கிறதா?’ என்பது தலைப்பு. மிக நன்றாக எழுதிவிட்டதாக நினைப்பு. தம்பலகாமத்தில் ஒரு வீட்டுக்கு அதைக் கொண்டுபோனோம். தாய் உள்ளே பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வளையில் பழைய சேலை ஏணை தொங்கியது. அம்மம்மா தாளை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, “தம்பி, நான் ஐந்து பெற்றேன். ஐந்துக்கும் தோல் இருக்கிறது” என்றார். பிறகு பிள்ளையை வாங்கி ஏணையில் கிடத்தி, அந்தத் தாளாலேயே விசிறினார். நல்ல தடித்த தாள். அந்த வீட்டில் வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவர் அம்மம்மாதான் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது செய்ய வேண்டியது. விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். ஆனால் சத்தமில்லாமல் அழித்துவிட்டு ஒன்றும் நடவாததுபோல் இருக்காதீர்கள். ஸ்கிரீன்ஷொட் ஏற்கெனவே யாராவது எடுத்திருப்பார்கள். அதே பக்கத்தில் நான்கு வரி போதும்: ‘பிள்ளை பெற்றவர்களின் உடுப்பையும் உடம்பையும் குறைத்துப் பேசிவிட்டோம். பிழை எங்களுடையது. விளம்பரத்தை எடுத்துவிட்டோம். சுட்டிக்காட்டியவர்களுக்கு நன்றி.’ ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று தொடங்க வேண்டாம். புண்பட்டதை அவர்களே சொல்லிவிட்டார்களே, பிறகென்ன ‘இருந்தால்’? திட்டியவர்களில் உங்கள் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தனித்தனியே பதில் எழுதுங்கள். மற்றவர்களோடு வாதாட வேண்டாம்.

அடுத்த விளம்பரத்தில் சட்டையைக் காட்டுங்கள், பெண்ணின் இடையை அல்ல. ‘ஒரு கையில் பிள்ளை. மற்றக் கையால் திறக்கலாம், மூடலாம்’ என்பது போல எழுதலாம். ஊக்கு எங்கே, துணி என்ன, கழுவினால் சாயம் போகுமா, விலை எவ்வளவு என்பவை முதல் பார்வையிலேயே தெரியட்டும். காணொளி செய்தால் சத்தமில்லாமலும் புரிய வேண்டும். நடுச்சாமத்தில், தூங்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தொலைபேசி பார்ப்பவள் ஒலியைக் கூட்டமாட்டாள். வெளியிடுமுன் தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி, மூன்று பெற்றவள் ஒருத்தி, ஒரு மாமி என்று மூவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மாமி மட்டும் சிரித்தால் திரும்ப எழுதுங்கள்.

சூப்பிப் போத்தல் விடயத்தில் என் பதில் ஒரே சொல்: வேண்டாம். இது ரசனைப் பிரச்சினை அல்ல. 1970களில் பால்மா நிறுவனங்கள் வறிய நாடுகளில் தாதி உடையணிந்த விற்பனைப் பெண்களை அனுப்பியும், இலவச டின்களைக் கொடுத்தும் சந்தை பிடித்தன. பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் தாய்ப்பால் ஊறும். இலவச டின் முடியும்போது பால் குறைந்திருக்கும். பிறகு காசு கொடுத்து வாங்கிய மாவை, மிச்சம் பிடிக்க, சுத்தமில்லாத நீரில் ஐதாகக் கரைத்தார்கள். பிள்ளைகள் வயிற்றோட்டத்தாலும் ஊட்டக்குறைவாலும் மாண்டார்கள். 1977இல் அமெரிக்காவில் நெஸ்லேக்கு எதிராகப் புறக்கணிப்பு தொடங்கியது. 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பால் மாற்றீடுகளை விற்பது பற்றிய சர்வதேசக் கோவையை, அதாவது விதிமுறைத் தொகுப்பை, 118 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. பால்மா மட்டுமல்ல, போத்தலும் சூப்பியும் அந்தக் கோவைக்குள் அடங்கும்; புட்டிப்பாலை ஊக்குவிக்கும் பொருள்களைக் கர்ப்பிணிகளுக்கோ தாய்மாருக்கோ விற்பனையாளர் அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. இலங்கையும் அதைத் தழுவித் தனக்கென ஒரு கோவை வைத்திருக்கிறது. கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் போத்தலே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய தாய்க்கு, நீங்கள் போத்தலைப் பரிசாகக் கொடுத்தால் எப்படி இருக்கும்? பையில் தோளில் போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய பருத்தித் துணி வையுங்கள். உங்களிடம் வெட்டுத்துணி எப்படியும் மிஞ்சும்.

கடைசியாக அந்தப் பிரசவத் திகதிப் பட்டியல். எனக்கு மிகவும் பயமளிப்பது இதுதான். 2014இல் ஷட்டர்ஃபிளை என்ற அமெரிக்கப் புகைப்பட நிறுவனம், ‘புதுக் குழந்தைக்கு வாழ்த்துகள்’ என்ற மின்னஞ்சலைப் பிள்ளை பெறாதவர்களுக்கும் தவறுதலாக அனுப்பிவிட்டது. கருச்சிதைவு கண்டவர்களும் குழந்தைக்காக ஏங்கியிருப்பவர்களும் அதைத் திறந்து பார்த்தார்கள். 2018இல் வாஷிங்டன் போஸ்ட் ஊடகவியலாளர் கில்லியன் புரொக்கல், பிள்ளை வயிற்றிலேயே இறந்த பிறகும் குழந்தைப் பொருள் விளம்பரங்கள் தன்னைத் துரத்துவதாகத் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அங்கே அனுப்பியது இயந்திரம். இங்கே அனுப்புவது, மத்திய வீதியில் நாளை முகம் பார்க்க வேண்டிய நீங்கள். குறித்த நாளில் எல்லாப் பிள்ளையும் பிறப்பதில்லை. எல்லாப் பிள்ளையும் வீட்டுக்கு வருவதுமில்லை.

கடை இலக்கத்தை ஒரு சிறு அட்டையில் அச்சடித்து அவர்களிடம் கொடுங்கள். பிள்ளை பிறந்த பிறகு அவர்களே ஒரு சொல் அனுப்பினால், அப்போது வாழ்த்துங்கள், பருத்தித் துணியையும் கொடுத்தனுப்புங்கள். கொப்பியில் ஏற்கெனவே திகதிகளை எழுதி வைத்திருந்தால், இன்று கடை பூட்டுமுன் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.