புதன்கிழமை பத்து மணி

அண்ணை வணக்கம். குடியைப் பற்றி நீங்க எழுதினதை வாசிச்சனான். என்ர மனுசன் மேசன் வேலை. போன வருசம் ஒரு இடத்தில கவுன்சிலிங்குக்குச் சேர்த்தனான், 12 கிழமை, ஒவ்வொரு புதனும் காலமை பத்து மணிக்கு. மூண்டு தரம் போனார், பிறகு வேலை வந்து ரெண்டு தரம் தவறிச்சுது, பேரை வெட்டிப்போட்டினம். இப்ப திரும்பக் கசிப்பு, அந்தக் கள்ளச்சாராயம்தான். இவருக்கு மனவுறுதி இல்லையோ?
- பரந்தனிலயிருந்து ஒரு தங்கச்சி

தங்கச்சி,

மனவுறுதியைப் பிறகு பாப்பம். நாட்கூலிக்குப் போற ஆளுக்குப் புதன் காலமை வகுப்பு வைச்சது ஆர்? மூண்டு நாள் சம்பளத்தை விட்டிட்டுப் போயிருக்கிறார் மனுசன்.

அந்த 12உம் கட்டாயமில்லை. அமெரிக்காவில புரொஜெக்ட் மேட்ச் எண்டு 1,700க்கு மேல ஆக்களை வைச்சுச் செய்த ஆய்வு, 1997இல முடிவு வந்தது, 12 தரம் போன ஆக்களுக்கும், ஏன் விடோணும் எண்டதை அவையின்ர வாயாலயே சொல்ல வைச்சு 4 தரம் மட்டும் கதைச்ச ஆக்களுக்கும் ஒரு வருசத்தால பெரிய வித்தியாசம் இல்லை. இந்தியாவில கோவாவில செய்த இன்னொரு ஆய்வில டொக்டர்மார் இல்லாம, பயிற்சி குடுத்த சாதாரண ஆக்கள்தான் கதைச்சவை, அதுவும் கூடினது 4 தரம். 2017இல வந்த முடிவுப்படி மூண்டு மாசத்தில 100க்கு 36 பேர் ஆபத்தான குடியை விட்டு வெளியில, இந்தக் கதை இல்லாம வழமையான கவனிப்பு மட்டும் கிடைச்ச ஆக்களில 26. அதிசயம் ஒண்டுமில்லைத்தான், ஆனா எங்கட ஊரில செய்யக்கூடிய அளவு.

எங்கட பக்கத்து வளவு அண்ணைக்குச் சனிக்கிழமை சம்பளம், வாற வழியில தவறணை. முதல்ல அவற்ற மனுசி வேலையிடத்துக்கே போய்க் காசை வாங்கினா, ஆக்கள் சிரிக்க அவருக்கு வெக்கமாப் போட்டுது, அந்த வழியை விட்டாச்சு. பிறகு தவறணைப் பக்கம் போகாம வாய்க்கால் கட்டால சைக்கிளில வந்தார், மாரி தொடங்கச் சேறு, திரும்ப றோட்டு, திரும்ப வெறி. அவருக்குக் கவுன்சிலிங் குடுக்கிற பெடியன் கோவிக்கேல்லை, கொப்பியை விரிச்சு, எத்தினை மணிக்கு, ஆரோட, கையில எவ்வளவு காசு எண்டு கேட்டு எழுதினான், அந்தச் சனியில இருந்து கூட வேலை செய்யிற மச்சான்ர மோட்டச்சைக்கிளில ஏறி வாறார். நடுவில ரெண்டு தரம் தவறினவர்தான். பேரை ஒருத்தரும் வெட்டேல்லை.

ஒண்டு மட்டும் கவனம். காலமையில கை நடுங்குது, வேர்க்குது, குடிச்சாத்தான் அடங்குது எண்டா, வீட்டில வைச்சு ஒரேயடியா நிப்பாட்ட விடாதேங்கோ, வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். முதல் ஆஸ்பத்திரி, பிறகுதான் இந்தக் கதையெல்லாம்.

அப்பிடி இல்லையெண்டா, சனி எந்த றோட்டால வாறவர் எண்டு கேட்டு எழுதுங்கோ.