பழைய சிறுவர் கணினி நூல்களை இணையத்தில் பகிரலாமா?

கேள்வி: 1980களில் பிரிட்டனில் வெளிவந்த, சிறுவர்களுக்கான கணினி நூல்கள் சில என்னிடம் உள்ளன. அவை இப்போது அச்சில் இல்லை. ஸ்கேன் செய்து எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றலாமா?

பதில்: உங்கள் நோக்கம் நல்லது, ஆனால் அச்சில் இல்லாத நூலுக்கும் பதிப்புரிமை உண்டு. பிரிட்டனில் எழுத்தாளர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகள் வரை அது நீடிக்கிறது. இத்தகைய நூல்களின் உயிரே படங்கள்தான் என்பதால், ஓவியரின் உரிமையையும் தனியே கணக்கில் கொள்ள வேண்டும். ஆகவே 1980களின் நூல் எதையும் பொதுச்சொத்தாகக் கருதிவிட வேண்டாம்.

ஸ்கேனரைத் திறப்பதற்கு முன், பதிப்பகமே அந்நூலை இணையத்தில் வெளியிட்டிருக்கிறதா என்று தேடுங்கள். பிரிட்டனின் அஸ்போர்ன் (Usborne) பதிப்பகம் தனது 1980களின் கணினி நூல்கள் பலவற்றைத் தன் இணையதளத்தில் பிடிஎஃப் கோப்புகளாக இலவசமாகத் தந்துள்ளது. இதை மற்ற பதிப்பகங்களும் பின்பற்ற வேண்டும் என்பது என் விருப்பம். அங்கும் நிபந்தனைகள் உண்டு. கோப்புகளைச் சொந்த உபயோகத்துக்கு இறக்கிக்கொள்ளலாம், ஆனால் வேறு தளத்தில் ஏற்றக் கூடாது. இணைப்பைத்தான் பகிர வேண்டும். நூலிலுள்ள நிரல்களை இன்றைய கணினி மொழிகளுக்கு மாற்றி, வணிக நோக்கமின்றி, நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், மூல இணைப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பகிர்வதற்கு அனுமதி உண்டு.

உங்கள் நூல் அப்படிக் கிடைக்கவில்லையெனில், பதிப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்; பதிப்பகம் மூடப்பட்டிருந்தால், அதை வாங்கிய நிறுவனத்தையோ உரிமை திரும்பிச் சென்றிருக்கக்கூடிய எழுத்தாளரையோ தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும்.

அனுமதி கிடைத்தபின் ஸ்கேன் செய்வதில் கவனம் தேவை. அக்காலத்தில் பேசிக் (BASIC) என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட நிரல்களில், எந்தக் கணினிக்கு எந்த வரியை மாற்ற வேண்டும் என்பதைக் காட்டும் சிறு குறியீடுகள் வரிகளின் ஓரத்தில் இருக்கும். குறைந்த தெளிவில் எடுத்தால் அவை மங்கிப்போய், நிரல் பயனற்றதாகிவிடும். எனவே வண்ணப் பக்கங்களை 300 டிபிஐயிலும் (டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு), நிரல் பக்கங்களை 600 டிபிஐயிலும் எடுங்கள். ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் பூஜ்யத்தையும் ஆங்கில ‘ஓ’ எழுத்தையும் அடிக்கடி மாற்றிப் படிப்பதால், மென்பொருள் தரும் நிரலை எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல இயங்கும் மென்பொருளில்) ஓட்டிப் பார்த்த பிறகே வெளியிடுங்கள்.