கணினி கேள்வி - பதில்: 3.9 பெரிதா, 2.5 பெரிதா?

கேள்வி: வீட்டிலிருந்தே பனியன் கம்பெனிகளுக்கு பிரிண்டிங் டிசைன் போட்டுத் தருகிறேன். போட்டோஷாப், கோரல் டிரா இரண்டும்தான் நாள் முழுக்க. புது சிஸ்டத்துக்கு இன்டெல் கோர் ஐ5 12400, ஏஎம்டி ரைசன் 5 5600ஜி என்று இரண்டு கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டு தனியாக வாங்க இப்போது கையில் காசில்லை. ஐ5 வெறும் 2.5 கிகாஹெர்ட்ஸ், ரைசன் 3.9 என்று கடையில் சொல்கிறார்கள். அப்படியென்றால் ரைசன்தானே வேகம்?
- வாசகி, அனுப்பர்பாளையம், திருப்பூர்

பதில்: இல்லைங்க அம்மணி. அந்த 2.5, 3.9 இரண்டும் அடிப்படை வேகம். எல்லா கோரும் சேர்ந்து நெடுநேரம் உழைத்தாலும், 65 வாட் கணக்குக்குள் இதற்குக் கீழே இறங்காது என்று கம்பெனி சொல்கிற எண். வேலை வந்ததும் இரண்டுமே அதைத் தாண்டி ஏறிவிடும். உச்ச வேகம் இரண்டுக்கும் ஒன்றுதான், 4.4 கிகாஹெர்ட்ஸ். கோர், அதாவது உள்ளே வேலை செய்யும் மூளை, இரண்டிலும் 6. த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் கவனிக்கிற வேலை வரிசை, இரண்டிலும் 12.

அப்புறம் எங்கே வித்தியாசம்? நீங்கள் திருப்பூர்க்காரர், நிட்டிங் மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே டயா, ஒரே துணி, நிமிஷத்துக்கு ஒரே சுற்று. நூல் ஊட்டும் ஃபீடர் ஒன்றில் 72, இன்னொன்றில் 96. எதில் துணி அதிகம் இறங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்று ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் விழுகிற வரிசை வேறு. பிராசசரிலும் அப்படித்தான், கிகாஹெர்ட்ஸ் என்பது அந்தச் சுற்றுக் கணக்கு. 2022 ஜனவரியில் வந்த 12400, ஒரு சுற்றில் செய்து முடிக்கிற வேலை, 2021இல் வந்த 5600ஜி செய்வதைவிட அதிகம். போட்டோஷாப்பில் நீங்கள் லேயரை நகர்த்துவது, பிரஷ் இழுப்பது, கலர் செப்பரேஷன் போடுவது எல்லாம் பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்களின் தலையில்தான் விழுகிறது. அந்த ஒரு கோர் எவ்வளவு சுறுசுறுப்பு என்பதுதான் உங்கள் கைக்குத் தெரியும் வேகம். அதில் 12400க்குத்தான் என் ஓட்டு.

5600ஜியைக் குறைத்துச் சொல்லவில்லை. அதற்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸ், 12400இல் உள்ள யுஹெச்டி 730ஐவிட நல்ல பலசாலி. கார்டு போடாமலே வீட்டில் பையன்கள் கேம் ஆட வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் யோசிக்காமல் 5600ஜியைத்தான் சொல்வேன். ஏற்கெனவே 5600ஜி பொருந்துகிற ஏஎம்4 வகை போர்டில் பழைய ரைசன் வைத்திருப்பவர்களுக்கும் அதுவே. பெரும்பாலான போர்டுகளில் பயாஸை (போர்டுக்குள் இருக்கும் துவக்க மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு பிராசசரை மட்டும் மாற்றினால் போதும், பெரிய செலவு மிச்சம். உங்களுக்கு அந்த இரண்டும் இல்லை, எல்லாமே புதிதாக வாங்குகிறீர்கள். பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கிலும் ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்று இல்லை. பிராசசர் உட்காரும் சாக்கெட் இரண்டுக்குமே வாரிசு வந்துவிட்டது. ஏஎம்டிக்கு 2022இல் ஏஎம்5, இன்டெலுக்கு 2024இல் எல்ஜிஏ 1851.

கொட்டேஷனில் பிராசசர் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். 12400 என்பது வேறு, 12400எஃப் என்பது வேறு. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. 5600க்குப் பின்னால் ஜி இல்லாவிட்டாலும் அதே கதைதான். போன வருஷம் பெருந்துறையிலிருந்து ஒருத்தர் புது சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் கடைக்கு வந்தார். "ஃபேன் சுத்துதுங்க, லைட்டு எரியுதுங்க, டிஸ்பிளே மட்டும் வரலீங்க" என்றார். திறந்து பார்த்தால் எஃப். கார்டு இல்லை. எந்தப் பழுதும் இல்லாத சிஸ்டம் அது. விலை கொஞ்சம் குறைகிறதே என்று விற்றவர் மாற்றிப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த மனிதர் முகம் வாடியதை என்னால் மறக்க முடியவில்லை, அதனால்தான் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன்.

ரேம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது. அதுவும் ஒரே 16 ஆக வேண்டாம், இரண்டு 8 ஆகப் போடச் சொல்லுங்கள். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரேமில்தான் பங்கு கேட்கும். இரண்டு குச்சியாக இருந்தால் பாதை இரண்டாகிவிடும். 12400 டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும், ஆனால் ஒரு மதர்போர்டில் ஏதாவது ஒன்றுதான் பொருந்தும். போர்டும் ரேமும் ஒரே வகையா என்று பில் போடும்முன் பாருங்கள். ஹெச்610 போர்டில் ரேமுக்கு இரண்டு இடம்தான். ஆல் ஓவர் பிரிண்ட் ஃபைல்கள் நிறைய வருமென்றால் நாலு இடம் உள்ள பி660, பி760 போர்டுக்குப் போய்விடுங்கள்.

இனி சூட்டு விஷயம். 65 வாட் என்று இரண்டிலும் போட்டிருந்தாலும், 12400 முழுமூச்சாக உழைக்கும்போது 117 வாட் வரை இழுக்க இன்டெல் அனுமதி கொடுத்திருக்கிறது. உங்கள் வேலையில் அது எப்போதாவதுதான் நடக்கும், கூட வருகிற ஃபேனே சமாளிக்கும். ஆனால் உங்கள் ஊரில் ஃபேனுக்கு எதிரி வேறு, பஞ்சு. திருப்பூர் சிஸ்டத்தை என் மேஜையில் திறந்தால் ஹீட் சிங்க் தகடுகளே கண்ணுக்குத் தெரியாது. ஃபேனைக் கழற்றினால் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் பாய், தகட்டின் வளைவு வளைவாக அச்சு எடுத்த மாதிரி, ஒரே துண்டாக உரிந்து வரும். கம்பெனிக்குள்ளே இருக்க வேண்டும் என்றில்லை, பக்கத்துத் தெருவில் நிட்டிங் ஓடினாலே போதும். காற்றுப் போக வழியில்லாமல் பிராசசர் சூடாகி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது 4.4ம் கிடையாது, ஒன்றும் கிடையாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கவாட்டு மூடியைத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். கம்பெனி கம்ப்ரசரைக் கொண்டு ஊதாதீர்கள், அந்தக் காற்றோடு தண்ணீரும் வரும். சிபியுவைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூல் மேல் வைத்தாலே பாதிப் பஞ்சு குறையும்.

பிராசசருக்கும் மேலே உள்ள கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவுகிற பேஸ்ட்டை மாற்றும்போது மட்டும் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். 5600ஜியில் பின்கள் பிராசசரின் அடியிலேயே இருக்கும், 1331 பின். காய்ந்த பேஸ்ட் கூலரோடு பிராசசரை ஒட்ட வைத்துவிடும். ஒருமுறை அவசரத்தில் நான் கூலரை நேராக இழுத்துவிட்டேன். பூட்டு போட்டிருந்தும் பிராசசர் சாக்கெட்டை விட்டு மேலே வந்துவிட்டது. ஓரத்தில் நாலு பின் சாய்ந்திருந்தது. லெட் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழல் முனைக்குள் ஒவ்வொரு பின்னாக நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். பிழைத்தது. அன்றிலிருந்து சிஸ்டத்தைக் கால் மணி நேரம் ஓட்டி, பேஸ்ட் இளகினதும் அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகித்தான் எடுக்கிறேன். 12400இல் பின்கள் போர்டுப் பக்கம் இருக்கின்றன. அங்கே சாக்கெட்டுக்குள் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: கடைக் கணக்குக்கு டேலியும் ஜிஎஸ்டி வேலையும்தான். பழைய ஐ7 2600 சிஸ்டம் ஒன்று மலிவாக வருகிறது. புது ஐ3 12100ஐவிட ஐ7 பெரிதல்லவா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: வாங்க வேண்டாங்க. ஐ3, ஐ7 என்பது ஒரே தலைமுறைக்குள் உள்ள வரிசை. 2600 வந்தது 2011இல், 12100 வந்தது 2022இல். இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட்தான். பழையது 95 வாட், புதியது 60 வாட். ஒவ்வொரு கோரும் 12100இல் வெகுவேகம். அதோடு விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலில் 2600 இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. வங்கி, ஜிஎஸ்டி பாஸ்வேர்டெல்லாம் புழங்குகிற சிஸ்டத்தில் பாதுகாப்பு அப்டேட் வராவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்க மாட்டேன்.

12100க்கு 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி போதும். உங்களிடம் இருக்கும் பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால், போர்டின் பின்பக்கம் அந்த நீலத் துளை இருக்கிறதா என்று கையோடு பார்த்து வாங்குங்கள். ஹெச்610 போர்டுகள் பலவற்றில் இன்னும் கொடுக்கிறார்கள்.