வாசகர் கேள்விகள்: வெளிச்சத்தை வைத்து மீனைத் தேடுவது

கேள்வி: மீனின் உடலில் கருவியைப் பொருத்திக் கடலில் விட்டு, அது போகும் வழியைக் கண்டறிகிறார்கள் என்று படித்தேன். ஜிபிஎஸ் அலைகள் நீருக்குள் செல்லாதே, பிறகு எப்படி இடம் தெரிகிறது? தெரிந்தாலும் மீன்பிடி விதிகளில் என்ன மாறிவிடும்?

பதில்: ஜிபிஎஸ் நீருக்குள் பயன்படாது என்பது சரிதான், அதனால் இக்கருவி வெளிச்சத்தைக் கொண்டு கணக்கிடுகிறது. சூரை போன்ற பெரிய மீனின் முதுகுத் துடுப்பருகே பொருத்தப்படும் அது, விடியலும் அந்தியும் எந்நேரத்தில் வந்தன என்பதை ஆழம், நீரின் வெப்பம் ஆகியவற்றோடு நாள்தோறும் பதிந்துகொள்கிறது. உச்சிப்பொழுது வந்த நேரத்திலிருந்து தீர்க்கரேகையும், பகலின் நீளத்திலிருந்து அட்சரேகையும் கிடைக்கின்றன. உலகெங்கும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் மார்ச், செப்டம்பர் நாட்களை ஒட்டி அட்சரேகைக் கணக்கு சறுக்கிவிடும். அப்போது மேற்பரப்பு வெப்பத்தைச் செயற்கைக்கோள் வரைபடத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். குறித்த நாள் வந்ததும் ஒரு சிறு மின்னோட்டம், கருவியை மீனோடு பிணைத்திருக்கும் உலோக ஊசியை உப்புநீரில் அரித்துவிட, கருவி கழன்று மேலே மிதந்து, சேர்த்துவைத்த தகவலின் சுருக்கத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது.

விதிகளுக்கு வருவோம். அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையை 1980களின் தொடக்கத்திலிருந்து, 45 பாகை மேற்குத் தீர்க்கரேகையை எல்லையாக வைத்து, கிழக்குக் கூட்டம், மேற்குக் கூட்டம் என்று பிரித்து, இரண்டையும் தனித்தனியே நிர்வகித்துவந்தார்கள். வரைபடத்தில் கோடு கிழிப்பது எளிது, மீனுக்கு அது தெரிய வேண்டுமே! கருவி சுமந்த சூரைகள் அந்தக் கோட்டைத் தாண்டிப் பெருங்கடலின் மறுபுறம் வரை இரை தேடிப் போவதும், முட்டையிடும் காலத்தில் மெக்சிகோ வளைகுடாவுக்கோ மத்தியதரைக் கடலுக்கோ தனித்தனியே பிரிந்துவிடுவதும் தெரியவந்தன. அப்படியானால் கிழக்கில் வீசும் வலை, எண்ணிக்கையில் சிறிய மேற்குக் கூட்டத்தையும் பாதிக்கலாம். கோடு இன்றும் இருக்கிறது. ஆனால் இம்மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு ஆணையம் 2022-இல் ஏற்ற நடைமுறை, இந்தக் கலப்பையும் கணக்கில் கொண்டே இருபுறமும் பிடிக்கும் அளவை வகுக்கிறது.

கேள்வி: எண் பொறித்த பிளாஸ்டிக் டேக் உள்ள மீன் வலையில் சிக்கினால், அதைத் தெரிவிக்காமல் விடுவதால் என்ன நஷ்டம்?

பதில்: நஷ்டம் கணக்கில் இருக்கிறது. 1,000 மீன்களுக்கு டேக் பொருத்தி விட்டதாகவும், அவை மற்ற மீன்களோடு நன்கு கலந்தபின் பிடித்த 10,000 மீன்களில் 20 மீன்களில் அது இருந்ததாகவும் கொள்வோம். 500 மீனுக்கு ஒன்றில் டேக் என்பதால், கடலில் உள்ளவை ஏறத்தாழ 5 லட்சம் என்று கணக்கு வரும். அந்த இருபதில் பத்து டேக்குகள் குப்பைக்குப் போய்விட்டால், அதே கணக்கு 10 லட்சம் என்று காட்டும். இல்லாத மீனை இருப்பதாக நம்பிப் பிடிக்கும் அளவைக் கூட்டினால், சில ஆண்டுகளில் வெறும் வலையை இழுக்கப் போகிறவர் டேக்கை வீசிய அதே மீனவர்தான். வெகுமதி தருவதும் இதற்காகத்தான் என்றாலும், வெகுமதியை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. இந்தியப் பெருங்கடலில் 2005 முதல் சில ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சூரைகளுக்கு டேக் பொருத்தியபோது, கப்பலில் ஏற்றிய இறந்த மீன்கள் சிலவற்றிலும் மற்றவர் அறியாமல் டேக்கைச் செருகிவைத்தார்கள். அவற்றில் எத்தனை திரும்பி வந்தன என்பதைக் கொண்டே, திரும்பாமல் போன மற்றவற்றின் அளவை மதிப்பிட்டுக் கணக்கைத் திருத்தினார்கள்.