கணக்கு வராது என்று யார் சொன்னது?

கேள்வி: பி.காம். முடித்தவன், வயது 29. ஐந்து வருடமாக வேலைக்குப் போகாமல் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, குரூப் 2 தேர்வுகள் எழுதி வருகிறேன். போன குரூப் 4-இல் எட்டு கேள்வியில் வாய்ப்பு போனது. கணக்கு எனக்கு எப்போதுமே வராது என்பதால் மற்ற பாடங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் செட்டில் ஆகிவிட்டார்கள். என் வாழ்க்கை மட்டும் ஒரே இடத்தில் நிற்கிறது. காலை 5 மணிக்கு எழுகிறேன், தன்னம்பிக்கை வீடியோக்கள் பார்க்கிறேன், மாற்றம் இல்லை. வயது வரம்பு இன்னும் இருக்கிறது. நான் முன்னேற என்ன செய்ய வேண்டும்?
- பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி நண்பர்களின் கதை. யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் கார் வாங்கினார், யார் சென்னைக்குப் போனார் என்ற விவரங்களை இடம் கருதி இங்கே வெட்டிவிட்டேன். நடுவில் போகிறபோக்கில் எழுதிய கணக்கு வரிதான் என் கண்ணில் நின்றது. உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது, மற்றதெல்லாம் புலம்பல்.

குரூப் 4 தாளில் 200 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கும் அறிவுக்கூர்மையும் 25. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால், அந்த 25-க்கும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு வட்டத்தை நிரப்பிவிட்டு வருவீர்கள் என்று நினைக்கிறேன். நாலில் ஒன்று தானாகச் சரியாக விழுந்தால் ஆறு கேள்வி தேறும். மீதி 19 கேள்வி, ஏறத்தாழ 28 மதிப்பெண், போச்சு. எட்டு கேள்வியில் தோற்ற நீங்கள் ஒவ்வொரு முறையும் 19 கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறீர்கள். அப்புறம் ஏன் நிற்கிறேன் என்று கேட்கிறீர்கள்.

சரி, அந்தக் கணக்கு அப்படி என்னதான் கேட்கிறது? சதவீதம், விகிதம், மீ.பொ.வ., மீ.சி.ம., தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, காலமும் வேலையும். ஒரு வேலையை ஒருவர் 12 நாளில் முடிப்பார், இன்னொருவர் 6 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாள் என்பது போன்ற கேள்விகள். வேலையை 12 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் ஒரு நாளைக்கு ஒரு பங்கு முடிப்பார், இரண்டாமவர் இரண்டு பங்கு. சேர்ந்து செய்தால் நாளைக்கு மூன்று பங்கு, நாலு நாளில் வேலை முடிந்தது. எக்ஸும் வேண்டாம், ஒய்யும் வேண்டாம். பி.காம். படித்தவருக்கு, அதுவும் பேரேடும் இருப்புநிலைக் குறிப்பும் போட்டுப் பழகிய கைக்கு, இது வராது என்றால் நான் நம்ப மாட்டேன்.

வராது என்று எப்போதோ ஒரு வாத்தியாரோ, மார்க் ஷீட்டோ சொல்லியிருக்கும். அதை இன்றுவரை சோதித்துப் பார்க்காமல் வைத்திருக்கிறீர்கள். 29 வயதில் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதற்கு வெட்கம் என்பதும் எனக்குப் புரிகிறது. நூலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் தடிமனான வழிகாட்டிப் புத்தகம் வைத்திருக்கும்போது, நீங்கள் சின்னப் பிள்ளைகளின் படம் போட்ட புத்தகத்தை எப்படி விரிப்பது? அட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஆறு முதல் பத்து வரையிலான பாடநூல்கள் எல்லாம் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செல்போனில் இறக்கிக்கொண்டால் யாருக்கும் தெரியப் போவதும் இல்லை. படித்தால் மட்டும் போதாது, நோட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். நன்றாக வரும் வரலாற்றையே ஐந்தாவது முறை படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. படித்த மாதிரியும் இருக்கும், புதிதாக எதிலும் மாட்டிக்கொள்ளாத மாதிரியும் இருக்கும். நீங்கள் ஐந்து வருடம் படிக்கவில்லை ஐயா, ஒரே வருடத்தை ஐந்து முறை படித்திருக்கிறீர்கள்.

அந்த வீடியோக்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேசுகிறவர் முன்னேறிக்கொண்டிருக்கிறார். 5 மணிக்கு எழுந்து அதைப் பார்ப்பதைவிட, ஏழு மணிவரை தூங்கி எழுந்து ஒரு வட்டிக் கணக்குப் போடலாம்.

ஆனால் முழுப் பழியையும் உங்கள் தலையில் போட எனக்கு மனமில்லை. 2024 குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. பிறகு கூட்டிக் கூட்டி ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. அப்படியும் ஓர் இடத்துக்கு 200 பேருக்கு மேல். இந்தக் கூட்டத்தில் கிடைக்காமல் போனவர்கள் எல்லோரும் வளராதவர்கள், உழைக்காதவர்கள் என்று எவனாவது மேடையில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கணக்கைச் சரிசெய்தாலும் இடம் கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். தருகிற பயிற்சி மையத்தில் பணமும் கட்டாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகவே வகுப்பு நடக்கிறது.

ஆகையால் இரண்டாவது விஷயம், உங்களுக்குப் பிடிக்காத விஷயம்: வேலைக்குப் போங்கள். உங்கள் ஊர் வியாபார ஊர். பருப்பு, எண்ணெய், வத்தல் என்று மண்டிகள் நிறைந்த ஊரில் கணக்கு எழுதுகிற ஆளுக்கு எப்போதும் தேவை இருக்கும். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கணக்கு எழுதும் மென்பொருளான டேலி தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்கு மாதந்தோறும் 11, 20 என்று கெடு தேதிகள் உண்டு. அந்த நாட்களில் மூச்சுவிட நேரம் இருக்காது, மற்ற நாட்களில் மாலை உங்களுடையது. சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் பெட்ரோலுக்கு அம்மாவிடம் கை நீட்டுவது நிற்கும். நீங்கள் வாழ்க்கை நிற்கிறது என்று எழுதியதில் பாதிக்கு மேல் இந்தக் கை நீட்டல்தான் என்பது என் சந்தேகம். கடிதத்தில் அதைச் சொல்லவில்லை, ஆனால் வேலைக்குப் போகாத ஒரு ஆண்பிள்ளை வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்பது தெரியாதவர் யார்?

வேலைக்குப் போனால் படிப்பு கெட்டுவிடும் என்பீர்கள். முழு நாளும் கையில் இருந்தபோது கணக்குப் புத்தகம் திறக்கப்படவில்லையே.

வயது வரம்பு இருக்கிறது என்கிறீர்கள். அது அரசாங்கம் தனக்காகப் போட்டுக்கொண்ட வரம்பு. உங்களுக்கு என்று ஒன்றை நீங்கள்தான் போட வேண்டும். இன்னும் இரண்டு குரூப் 4 தேர்வுகள், அவ்வளவுதான் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தேர்வும் முடிந்து உத்தேச விடைக்குறிப்பு வந்ததும், மொத்தம் எத்தனை என்று மட்டும் பார்க்காமல் எந்தப் பகுதியில் எத்தனை போனது என்று எழுதி வையுங்கள். அந்தத் தாள் உங்களைப் பற்றிச் சொல்வதை எந்தப் பேச்சாளரும் சொல்ல முடியாது. அதன்பிறகும் கிடைக்கவில்லை என்றால், அப்போது உங்கள் கையில் சில வருட அனுபவமுள்ள ஒரு வேலை இருக்கும். அங்கிருந்து என்ன செய்யலாம் என்று அப்போது எழுதுங்கள், பேசுவோம். நண்பர்களின் கார் விவரம் மட்டும் வேண்டாம்.