சமூக நீதிப் போராட்டத்தில் ஊடகம் உண்மையில் என்ன செய்கிறது?

போராடுவது மக்கள்தானே, அதில் ஊடகத்துக்கு என்ன பங்கு என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, ஒரு நாளை எடுத்துக்கொள்வோம்.

1965 மார்ச் 7. அமெரிக்காவின் அலபாமா மாநிலம், செல்மா நகரம். வாக்குரிமை கேட்டு அமைதியாக நடந்த சுமார் 600 பேரைக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினார்கள். கறுப்பின மக்கள் அங்கே அடிவாங்குவது புதிதல்ல. ஆனால் அன்று கேமராக்கள் பக்கத்திலேயே இருந்தன. ஏபிசி தொலைக்காட்சி, ஓடிக்கொண்டிருந்த திரைப்படத்தை நிறுத்திவிட்டு அந்தக் காட்சிகளைக் காட்டியது. எங்கோ தொலைவில் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களால் 'எங்களுக்குத் தெரியாது' என்று அதன்பின் சொல்ல முடியவில்லை. எட்டே நாளில் அதிபர் ஜான்சன் நாடாளுமன்றத்தில் வாக்குரிமைச் சட்டம் வேண்டும் என்று பேசினார். ஆகஸ்டில் சட்டம் வந்தது.

கேமரா மட்டும் இதைச் சாதிக்கவில்லை. பல ஆண்டுகளாக வீடு வீடாகப் போய் மக்களைத் திரட்டியவர்கள் இல்லையென்றால் படம்பிடிக்க அங்கே ஊர்வலமே இருந்திருக்காது.

அப்புறம், ஊடகம் கெடுக்கவும் செய்யும். கோரிக்கையை விட்டுவிட்டுப் போக்குவரத்து நெரிசலை மட்டும் காட்டலாம். காவல்துறை அறிக்கையை அப்படியே செய்தியாக்கலாம். எனக்கு இதுதான் பெரிய கவலை. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலர்களின் பிடியில் இறந்தபோது, முதல் காவல்துறை அறிக்கை அதை 'மருத்துவச் சம்பவம்' என்றது. அவர் கழுத்தின்மீது காவலர் முழங்காலை வைத்து அழுத்தியதை உலகுக்குக் காட்டியது, 17 வயதுப் பெண் ஒருவர் கைபேசியில் எடுத்த காணொளி. அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் அதுவே முக்கியச் சான்றாக நின்றது.