கையை விட்டால் பட்டம் என்ன செய்யும்? முதல் பவர் கைட் வாங்குவோருக்கான கேள்வி-பதில்

பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கியதும் கைட் லேண்ட்போர்டிங் பற்றிக் கடிதங்கள் வருகின்றன. நாலு சக்கரம் வைத்த பலகையில் நின்றுகொண்டு, பவர் கைட் என்ற பெரிய பட்டம் இழுக்கும் இழுப்பில் ஓடுகிற விளையாட்டு அது. அருமையான விளையாட்டு. ஆனால் முதல் பட்டத்தைத் தப்பாக வாங்கினால் கை காலை முறித்துவிடும். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைங்க. வயது 26, எடை 68 கிலோ. ஆன்லைனில் 5 சதுர மீட்டர் பட்டம் தள்ளுபடியில் கிடைக்கிறது. பெரிதாகவே வாங்கிவிட்டால் பின்னால் இன்னொரு செலவு இல்லை என்கிறார் நண்பர். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. வளரும் பிள்ளைக்குச் சட்டை எடுப்பது போல ஒரு சுற்றுப் பெரிதாக எடுத்து வைக்கிற பொருள் இல்லை இது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின் இழுவை நான்கு மடங்காகும். காலையில் மணிக்கு 12 கிலோமீட்டர் காற்றில் சாதுவாக நின்ற பட்டம், மதியம் காற்று 24 ஆனதும் வேறு பிராணி. அதோடு பட்டம் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. தலைக்கு நேர் மேலே இருக்கும்போது லேசாகத்தான் இழுக்கும். அங்கிருந்து உங்களுக்கு எதிரே நடுவாக இறங்கும்போது, அடிக்கிற காற்றைவிட வேகமாகப் பாயும். அந்த வேகத்துக்கும் அதே கணக்குத்தான்: மூன்று மடங்கு வேகம் என்றால் ஒன்பது மடங்கு இழுவை. புதிதாகப் பழகுகிறவர் பயத்தில் ஒரு கையை வெடுக்கென்று இழுப்பார். பட்டம் சரியாக அந்த நடுப்பகுதிக்குள்தான் இறங்கும். சின்னப் பட்டமானால் நாலு எட்டு ஓடி நின்றுவிடலாம். 5 சதுர மீட்டரானால் நெஞ்சு தரையில் உரசும்.

உங்கள் எடைக்கு 2.5 முதல் 3 சதுர மீட்டர் போதும். பின்னாளில் பெரியது வாங்கினாலும் இது வீணாகாது, பலத்த காற்றுள்ள நாளில் இதைத்தான் எடுப்பீர்கள். ஒரு கவனம்: சில கம்பெனிகள் பெயரோடு போடும் எண் பரப்பளவு, சில கம்பெனிகள் போடுவது இறக்கையின் அகலம். 2.5 மீட்டர் அகலமுள்ள பட்டத்தின் பரப்பு 2.5 சதுர மீட்டர் இல்லை, அதைவிடக் குறைவு. விவரப் பட்டியலில் ‘சதுர மீட்டர்’ என்ற சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

அளவைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. விற்பவரிடம் அதை முதலில் கேளுங்கள்: “கையை விட்டால் இந்தப் பட்டம் என்ன செய்யும்?”

இரண்டு கயிறு மட்டும் உள்ள பட்டத்தில் பிரேக் கிடையாது. மூன்று கயிறு உள்ளதில் கையில் பிடிக்க ஒரு தண்டு, அதாவது பார் இருக்கும், மூன்றாவது கயிறு உங்கள் மணிக்கட்டோடு பட்டையால் சேர்ந்திருக்கும். பாரை விட்டதும் இழுவை எல்லாம் அந்த ஒற்றைக் கயிற்றுக்குப் போய், பட்டம் துணி போலச் சுருண்டு தரையில் விழும். ஓசோன் கம்பெனியின் இம்ப் ட்ரெய்னர், எச்.கியூ. கம்பெனியின் ரஷ் போன்றவை இந்த வகை. நான்கு கயிறு உள்ளதில் இரண்டு கைப்பிடிகள் வரும். ஒவ்வொன்றிலும் மேல் கயிறு இழுவைக்கு, கீழ்க் கயிறு பிரேக்குக்கு. இதில் ‘கைட் கில்லர்’ என்ற மணிக்கட்டுப் பட்டைகளைப் பிரேக் கயிற்றோடு மாட்டிக்கொள்ள வேண்டும். கைப்பிடியை விட்டால் மேல் கயிறு தளர்ந்து, பிரேக் மட்டும் இறுகி, பட்டம் அடங்கிவிடும். லேண்ட்போர்டுக்குப் போகப் போகிறவர் என்பதால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: நான்கு கயிறு, கைப்பிடி, 3 சதுர மீட்டர், கூடவே கைட் கில்லர். பட்டத்தோடு அது வராவிட்டால் தனியாக வாங்குங்கள். அது வந்து சேரும்வரை பட்டத்தைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.

காற்றடித்து நிரப்பும் குழாய் வைத்த பட்டம் மலிவாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம். அது தண்ணீருக்கானது. நம் தரையில் ஒரு முள் போதும் குழாய் ஓட்டையாக. இடுப்பில் மாட்டும் ஹார்னஸும் இப்போதைக்கு வேண்டாம். கை வலித்தால் விட்டுவிடுவோம். இடுப்பில் கொக்கி மாட்டியிருந்தால் அந்தத் தப்பிக்கும் வழியும் அடைபட்டுவிடும்.

கேள்வி: பொள்ளாச்சிங்க. மகனுக்கு 15 வயது. பிறந்தநாளுக்கு இரண்டு கயிற்றுப் பட்டம் கேட்கிறான். தோப்பைச் சுற்றி இடம் நிறைய இருக்கிறது. வாங்கித் தரலாமா?

தரலாம் அம்மா, 1.5 சதுர மீட்டருக்குள் என்றால். இரண்டு கயிற்றில் வரும் துணிப்பட்டையை மணிக்கட்டில் நுழைத்து இறுக்காமல், உள்ளங்கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். விட வேண்டிய நேரத்தில் விரலை விரித்தாலே போய்விட வேண்டும்.

ஆனால் தோப்புப் பக்கம் வேண்டாம். மரங்களைத் தாண்டி வரும் காற்று சுழன்று சுழன்றுதான் வரும், மர உயரத்தைப் போல ஏழெட்டு மடங்கு தூரத்துக்கு அது சீராகாது. 60 அடித் தென்னை என்றால் 500 அடி தள்ளி நிற்க வேண்டும். திடீரென்று பட்டம் தொய்ந்து, அடுத்த நொடி வெட்டி இழுக்கும். அப்புறம் கிணறு. தரைமட்டத்தில் சுவரே இல்லாத பழைய கிணறுகள் நம் காடு தோட்டமெல்லாம் இருக்கின்றன. பட்டம் விடுகிறவன் மேலேயே பார்த்துக்கொண்டு பின்னால் நடப்பான். பள்ளிக்கூட மைதானமே நல்லது.

கயிற்றைப் பற்றியும் அவனுக்குச் சொல்லி வையுங்கள். டைனீமா என்ற மெல்லிய செயற்கை இழை அது. பார்க்கப் பட்டு நூல் போல வழவழவென்று இருக்கும். இழுவையில் இருக்கும்போது விரலைச் சுற்றினால் எலும்புவரை அறுக்கும். பட்டம் மேலே இருக்கும்போது கயிற்றைக் கையால் பிடிக்கவே கூடாது.

கேள்வி: உடுமலைப்பேட்டையில் ஒருவர் பழைய 3 சதுர மீட்டர் பட்டத்தைப் பாதி விலைக்குத் தருகிறார். எதைப் பார்த்து வாங்குவது?

துணியைத் தடவிப் பார்த்தே நூலின் கவுண்ட் (பருமன்) சொல்கிற சீமை நம்முடையது, முதல் பாதி உங்களுக்குச் சுலபம். பட்டத் துணி நைலான், மேலே ஒரு பூச்சு இருக்கும். வெயிலில் கிடந்து பூச்சு போயிருந்தால் காற்று ஒழுகும். துணியை உதட்டில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள், புதுத் துணியில் மூச்சு ஏறாது. வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஊசித் துளைகள் நட்சத்திரம் மாதிரித் தெரியும். உள்ளே அறை அறையாகத் தடுத்திருக்கும் துணியின் தையலையும் கைவிட்டுப் பாருங்கள், கிழிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது கயிறு. நான்கு முனைகளையும் கேட்டில் ஒரே கொக்கியில் மாட்டி, 20 மீட்டர் பின்னால் நடந்து, நான்கையும் சமமாக இழுத்துப் பிடியுங்கள். மேல் கயிறுகள் நாள்பட நீண்டிருக்கும். வலது இடது இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் பட்டம் ஒரு பக்கமே சாயும். முடிச்சு விழுந்த கயிறு முடிச்சிலேயே அறும்.

கடைசியாக, நான் பார்க்காமல் விட்ட ஒன்று. என் முதல் பட்டமும் பழையதுதான். துணி, கயிறு எல்லாம் பார்த்தேன். தாராபுரம் பக்கம் ஒரு கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், ஏற்றினேன். காற்று திடீரென்று ஏறியது, சொல்லிக்கொடுத்தபடியே கைப்பிடிகளை விட்டேன். மணிக்கட்டுப் பட்டைகளின் வெல்க்ரோவில் செம்மண்ணும் நூலுமாக அடைந்து கிடந்திருக்கிறது. இரண்டும் பிய்த்துக்கொண்டு, கைப்பிடியோடு பட்டம் பறந்து, காடு தாண்டிக் கிளுவை வேலியில் போய் மாட்டியது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவுக்குப் பத்தடி தூரம். அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆகவே வெல்க்ரோவை ஒட்டி, பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் பட்டைகளை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

உடுமலை என்பதால் இன்னொன்று. உங்கள் பக்கம் காற்றாலைகளும் அவற்றின் மின்கம்பிகளும் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. கம்பி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பட்டம் ஏற்றாதீர்கள். மாட்டிக்கொண்டால் கயிற்றைத் தொடாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். நாற்பதாயிரம் ரூபாய்ப் பட்டமானாலும் சரி, போகட்டும். சாலையைத் தாண்டிக் கயிறு போவதும் கூடாது. மாஞ்சா நூலால் கழுத்தறுந்த சாவுகள் நடந்திருக்கின்றன, செயற்கை இழை மாஞ்சாவுக்கு 2017-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. நம் கயிற்றில் கண்ணாடித்தூள் கிடையாது என்றாலும் இழை செயற்கைதான். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கி, உள்ளூர்க் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது.

கேள்வி: ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். இந்தியத் தளம் ஒன்றில் வாங்கிய பட்டத்தில் பாதுகாப்புப் பட்டை இல்லை. படத்தில் இருந்தது. விற்றவர் பதில் தரவில்லை.

படத்தையும் விவரப் பக்கத்தையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வாங்கியிருந்தால் இந்த வழி மிகவும் கடினம். சுங்க வரியும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அங்கே மலிவு என்பதும் பல நேரம் நிற்காது.

கேள்வி: கோவைங்க. பட்டமும் பலகையும் ஒன்றாகவே ஆர்டர் போட்டுவிடலாமா?

பட்டம், ஹெல்மெட், முழங்கால் முழங்கை மணிக்கட்டுக் காப்புகள், கையில் பிடிக்கும் காற்றுமானி, இவை இப்போது. பலகை பிறகு. ஆனி, ஆடி, ஆவணி காற்றாலைக்காரர்களுக்கு அறுவடைக் காலம். அப்போது விடிந்ததும் ஒரு மணி நேரம் மட்டும் பழகுங்கள். காற்றுமானியில் 10-லிருந்து 18 கிலோமீட்டர் வரை சரி. புழுதி கிளம்பினால் 20-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள், சுருட்டிவிடுங்கள். சித்திரை மதியத்தில் எழும் சுழிக்காற்றில் எந்தப் பட்டமும் வேண்டாம். சூலூர் விமானப்படைத் தளம், பீளமேடு விமான நிலையம் பக்கமும் போக வேண்டாம்.

பட்டத்தைப் பார்க்காமல், பேசிக்கொண்டே தலைக்கு மேலே நிறுத்தி வைக்க வருகிறதா? சொன்ன நொடியில் கையை விட்டு அடக்க வருகிறதா? இரண்டும் பத்துக்குப் பத்து தடவை வந்தால் பலகைக்குப் பணம் எடுத்து வைக்கலாம். காற்றடிக்கும் டயர் உள்ளதாகப் பாருங்கள். வெடிப்பு விட்ட கரிசல் தரையில் சக்கரம் மாட்டி முகம் குப்புற விழ நேரும், இறுகிய செம்மண் தரையே ஏற்றது. நெருஞ்சி முள் டியூபைச் சல்லடையாக்கிவிடும், ஆர்டர் போடும்போதே இரண்டு டியூப் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த அளவு டியூப் உள்ளூர்க் கடையில் சட்டென்று கிடைக்காது.